மூன்று விரல் சாய்வு

அத்தியாயம் பதினொன்று

சிலையின் தலையை அப்பா என்னிடம் கொடுத்த நாளில் இருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. இது போன வாரமே உங்களுக்குத் தெரியும். இன்றோடு பதினாறு நாள். ஒரே தகரக் கொட்டகையில், ஒரே கல்லைச் சுற்றி, இரண்டு பேர் பேசாமல் எப்படி வேலை செய்வார்கள் என்று கேட்காதீர்கள். சுத்தியல் சத்தம் இருக்கிறதே, வீட்டுச் சண்டைக்கு அதைவிட நல்ல திரை கிடையாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கல், ஆறடிப் பெண். முப்பத்திரண்டு வருடம் ஒரே பள்ளியை நடத்திய தலைமை ஆசிரியை. அந்தப் பள்ளியின் வாசலில் நிற்கப் போகிறார். உடம்பு முழுவதும் அப்பாவும் அண்ணனும் செய்தது. கல்லைப் படுக்கப் போட்டு எட்டு மாதம் கொத்தினார்கள். கடைசியில் தலைக்காக நிமிர்த்தி நிறுத்தினார்கள்.

எங்கள் பட்டறையில் தலை யார் கைக்குப் போகிறதோ, அவர்தான் அடுத்த மேஸ்திரி. எழுதி ஒட்டாத சட்டம். அண்ணன் அதற்காகப் பதினைந்து வருடம் காத்திருந்தான். நான் நடுவில் மூன்று வருடம் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தவள். அப்பா தலையை எனக்குக் கொடுத்தார். ஏன் என்று சொல்லவில்லை. அவர் எதற்கும் ஏன் சொல்வதில்லை.

இன்று மூன்று மணிக்குப் பள்ளிச் செயலாளர் முகத்தைப் பார்க்க வருகிறார். பாதி முகம் முடிந்திருந்தது. நெற்றி, மூக்கு, வலக்கன்னம், தாடை. இடப்பக்கம் இன்னும் கச்சாக் கல்தான். முடிந்த பாதியே போதும், அவர் வாயடைத்து நிற்பார் என்று நினைத்துக்கொண்டு ஏழரை மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

அப்பா எவர்சில்வர் தட்டில் தண்ணீர் எடுத்து வந்தார்.

இது அவருடைய பழக்கம். அவருடைய அப்பாவின் பழக்கமும்கூட. பீடத்தின் மேல் தட்டை வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் கல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கடையில் ரசமட்டம் விற்கிறது. நானே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் தட்டு.

"ரசமட்டம் வெச்சுப் பார்த்தாச்சுப்பா."

"எப்போ?"

"கல்லை நிமிர்த்தின அன்னிக்கு."

"நிமிர்த்தின அன்னிக்கு நீ சாப்பிடவும் செஞ்சே. அதுக்கப்புறம் பசிக்கலையா?"

தட்டில் தண்ணீர் ஊற்றினார். முழுதாக ஊற்றும் முன்பே சிலையின் இடப்பக்கமாக வழிந்து ஓடியது.

அப்பா குனிந்து பார்த்தார். கல்லைத் தாங்கும் மர ஆப்புகளில் இடப்பக்கத்து ஆப்பு மண்ணுக்குள் அமுங்கியிருந்தது. கல்லை நிமிர்த்திய இரவு பெய்த மழையில் தரை ஊறியிருக்கிறது. அவர் அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சங்கிலிக் கப்பியை மாட்டி, கல்லை மெல்லத் தூக்கி, அடியில் பலகை கொடுத்து, ஆப்பை அடித்து ஏற்றினார்கள். மறுபடி தட்டு. இந்த முறை தண்ணீர் நாலு பக்கமும் விளிம்போடு நின்றது.

கல் நேராகிவிட்டது. நாங்கள் மேலே பார்த்தோம்.

முகம் கோணியிருந்தது.

உலையடியில் இருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். எங்கள் உளிகளைக் காய்ச்சித் தட்டித் தோய்ச்சல் போடுவது அம்மாதான். வாயும் அதே பதத்தில் வைத்திருப்பாள்.

"என்ன, டீச்சருக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் உடனே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மற்றவர்களுக்குப் புரிவதற்கு முன் எனக்குப் புரிந்துவிட்டது. செய்தது நான் அல்லவா.

எங்கள் வேலையில் எல்லாம் ஒரு நூல்தான். உச்சியில் ஒரு குறி, அடியில் ஒரு குறி. உச்சிக்குறியில் இருந்து நுனியில் குண்டு கட்டிய தூக்குநூல் விட்டால் அது அடிக்குறியில் போய் நிற்க வேண்டும். அந்த நூலின் மேல்தான் மூக்கு, அதே நூலின் மேல்தான் தாடை, மார்பின் நடு, இரண்டு பாதத்துக்கும் இடைவெளி. உடம்பு கொத்தும்போது அடிக்குறியைப் போட்டது அண்ணன்.

மழைக்கு மறுநாள் காலையில் நான் தூக்குநூல் விட்டேன். குண்டு அடிக்குறிக்கு மூன்று விரல் தள்ளி நின்றது.

அந்த இடத்தில் நான் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. கல் சாய்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: அண்ணன் போட்ட குறிதானே, இப்படித்தான் இருக்கும். ஈரத்துணியால் அவன் குறியை அழித்தேன். குண்டு நின்ற இடத்தில் காவியால் என் குறியைப் போட்டேன். சாய்ந்து நின்ற உடம்பின் மேல் நேரான ஒரு முகத்தைப் பதினான்கு நாள் கொத்தினேன்.

அப்பா கேட்டார். "நூல் விட்டப்போ அடிக்குறியில விழுந்துதா?"

"இல்லைப்பா. மூணு விரல் தள்ளி விழுந்துது."

"அப்புறம்?"

"குறி தப்புன்னு நினைச்சேன். அழிச்சிட்டு வேற போட்டேன்."

"யார் போட்ட குறி?"

அவருக்கே தெரியும். எல்லோருக்கும் தெரியும். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு கப்பியின் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கண்ணியாக, நிதானமாக.

"அண்ணன் போட்டது," என்றேன்.

கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறடிக்கு மூன்று விரல். கொண்டை உச்சியில் இருந்து தாடை வரை ஓரடி. அப்படியென்றால் தாடையில் அரை விரல். எங்கள் அளவில் நான்கு நெல். தாடை நான்கு நெல் வலப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் கல் இல்லை. நான் கொத்தித் தள்ளிவிட்டேன். முகத்தையே உள்ளே தள்ளி மறுபடி கொத்தலாம். ஆனால் முகம் சிறுத்துவிடும். முகத்தை வைத்துத்தான் கை, கால், தோள் எல்லாவற்றுக்கும் அளவு. முகம் சிறுத்தால் முழு உடம்பும் பொய்யாகிவிடும்.

அப்பா சாரத்தில் ஏறி வலக்கன்னத்தைக் கட்டைவிரலால் தடவினார். இறங்கி வந்தார்.

"ஒட்டிடலாம்," என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"கல்பொடியைப் பசையில குழைச்சு அரை விரல் ஏத்திடலாம். தேய்ச்சு விட்டா யாருக்கும் தெரியாது. மூணு மணிக்குள்ள காயாது. வலப்பக்கம் சாக்குப் போட்டு மூடி வை. அவங்க கேட்டா, வேலை நடக்குதுன்னு சொல்லிக்கலாம்."

ஒட்டு என்ற சொல்லையே இந்தக் கொட்டகையில் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருமுறை பக்கத்துப் பட்டறைக்காரர் உடைந்த விரலை ஒட்டினார் என்பதற்காக அவர் வீட்டுக் கல்யாணத்துக்கே அப்பா போகவில்லை.

"அண்ணன் இதைச் செஞ்சிருந்தா ஒட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"என்ன பண்ணியிருப்பீங்க?"

"உளியை வாங்கி வெச்சிருப்பேன்."

"அப்போ எனக்கு மட்டும் ஏன் ஒட்டு?"

"உனக்கு இது முதல் தலை."

"அவனுக்கும் இது முதல் தலையாத்தான் இருந்திருக்கும்."

அவருக்குப் பதிலாக அம்மா சொன்னாள். "பொண்ணு அழுதுடும்னு பயப்படறார். இருபத்தி நாலு வருஷமா உன்னைப் பார்க்கறார், இன்னும் தெரியலை."

கோபம் எனக்கு எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும், மறைப்பதற்கில்லை. ஆனால் இது வேறு. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தலையைக் கொடுத்தபோது என்னை மேஸ்திரியாகப் பார்த்தார் என்று நினைத்தேன். தப்பு நடந்ததும் மகளாகப் பார்க்கிறார். ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற வேண்டியவளாக.

"ஒட்ட மாட்டேன்பா. ரெண்டு மழைக்காலம் போனா அந்த இடம் மட்டும் மஞ்சளாகும். தினமும் ஆயிரம் பிள்ளைங்க பார்க்கப் போற முகம்."

"அப்போ கல்லைத் தூக்கிப் போட்டுடலாமா? எட்டு மாச உழைப்பு. உன்னோடது மட்டும் இல்லை." அண்ணனின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு மணி வரைக்கும் எனக்குக் கொடுங்க."

சிலையை மூன்று முறை சுற்றி வந்தேன். வலப்பக்கம் நின்றால் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் வந்தால் ஐந்து விரல் கச்சாக் கல் அப்படியே இருக்கிறது. காது கொத்தவில்லை, தலைமுடி கொத்தவில்லை, பின்னந்தலை வெறும் உருண்டை. இங்கே ஒரு முழு முகத்துக்குக் கல் இருக்கிறது. என்ன, அது நேரே பார்க்காது. இடப்பக்கம் திரும்பிப் பார்க்கும்.

அப்பாவிடம் சொன்னேன்.

"நம்ம பட்டறையில திரும்பின தலை கிடையாது," என்றார் உடனே.

"ஏன் கிடையாது?"

"நூல் எப்படிப் போகும்? கழுத்துல அறுந்துடும். உடம்புக்கு ஒரு நடு, முகத்துக்கு ஒரு நடுன்னா எதை நம்பிக் கொத்துவே?"

"ரெண்டையும் நம்பி. உடம்பு நூல் கழுத்துக்குழி வரைக்கும். அங்கேருந்து முகத்துக்குத் தனியா ரெண்டாவது நூல்."

"யார் செஞ்சிருக்கா?"

"யாரும் செஞ்சதில்லை. தெரியாதுன்னு சொல்லுங்கப்பா, ஒத்துக்கறேன். கிடையாதுன்னு சொல்லாதீங்க."

அம்மா துருத்தியை ஓங்கி ஊதினாள். சிரிப்பை அடக்க அவள் செய்கிற வேலை அது.

அப்பா தட்டில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு வெளியே போனார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் களிமண் மூட்டையைப் பிரித்தேன்.

ஐந்து மணி நேரம். தலைமை ஆசிரியையின் பழைய புகைப்படங்கள் மூன்றைப் பலகையில் குத்தி வைத்துக்கொண்டு, அரை அளவில் ஒரு தலை. இடப்பக்கம் திரும்பியது. முதல் முறை கழுத்து முறுக்கிய துணிபோல வந்தது, பிசைந்து போட்டேன். இரண்டாம் முறை முகம் திரும்பியது, தோள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. தோள் ஏற்கெனவே கல்லில் முடிந்துவிட்டது. அதை மாற்ற முடியாது. அந்தத் தோளுக்கு எவ்வளவு திரும்பினால் பொருந்தும் என்று கண்டுபிடிக்க, நானே தோளை அசைக்காமல் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இப்போ உனக்குப் பிடிச்சுக்கப் போகுது," என்றாள் அம்மா. கையில் தண்ணீர்ச் செம்பு. "குடி. நீ வாயால கொத்தற வேகத்துக்கு இந்நேரம் கல்லே முடிஞ்சிருக்கணும்."

"அண்ணன் எங்கே?"

"பின்னாடி உட்கார்ந்திருக்கான். சாப்பிடலை."

"ஏன்?"

"ஏன்னு நீ கேட்கணும். என்னைக் கேட்கறே."

கேட்க நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மை அது இல்லை.

செயலாளர் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். அந்தத் தலைமை ஆசிரியையிடமே படித்து, அதே பள்ளியில் வேலை செய்தவர். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, சிலையின் முன் வந்து நின்றார். சாக்கு ஒன்றும் போடவில்லை நான்.

"தலை ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தப்பாயிடுச்சு. தப்பு என்னோடது," என்றேன்.

அப்பா பின்னால் இருமினார். நான் நிறுத்தவில்லை. கல் சாய்ந்தது, பார்க்காமல் நூல் விட்டது, குறியை அழித்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி பண்ண முடியுமா?"

"நேரா பார்க்கிற முகமா முடியாதுங்க. ஒட்டுப் போட்டா முடியும். உங்ககிட்ட சொல்லாமலே போட்டிருக்கலாம். ரெண்டு மழைக்காலம் வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அதை ஏன்மா என்கிட்டயே சொல்றே?"

"வேற யாராவது சொல்லி நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு இது மேல்."

களிமண் தலையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சுற்றி வந்தார். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை.

"நேரா பார்க்கணும்னுதானே கேட்டோம். வாசல்ல நுழையற பிள்ளைங்களைப் பார்க்கணும்னு. இப்படித் திரும்பினா என்ன இருக்கு அங்கே? சைக்கிள் கொட்டகை."

அந்த வாசலை நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

செயலாளர் மறுபடி களிமண் தலையைப் பார்த்தார். "ஒரு விஷயம் சொல்லணும். அவங்க தினமும் அதைத்தான் பார்த்துட்டு நிப்பாங்க. எவன் லேட்டா வந்து சைக்கிளை நுழைக்கறான்னு." உதடு லேசாக விரிந்தது, உடனே மூடிக்கொண்டது. "ஆனா குழுவுல இதைச் சொன்னா சிரிப்பாங்க. பத்து நாள் தர்றேன். முகத்தை முடிச்சுக் காட்டுங்க. பிடிச்சா எடுத்துக்கறோம். இல்லைன்னா கல் உங்களோடதுதான். அப்புறம் இன்னொண்ணு."

"சொல்லுங்க," என்றார் அப்பா.

"இந்தத் தடவை நீங்க செய்யுங்க. இவ வேண்டாம்."

நான் என் கையைப் பார்த்தேன். களிமண் காய்ந்து வெடித்திருந்தது. பதினாறு நாளுக்கு முன் கிடைத்தது இந்த நிமிடத்தோடு முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். நியாயம்தான். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"என்னால முடியாதுங்க. திரும்பின தலை எனக்கு வராது. நான் செஞ்சதே இல்லை. என் அப்பாவும் செஞ்சதில்லை. காலையில இதை வேண்டாம்னு சொன்னதே நான்தான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இவளுக்கு வரலாம். வராமலும் போகலாம். ஆனா என்னைவிட இவளுக்குத்தான் வாய்ப்பு இருக்கு."

தெரியாது என்று அப்பா ஒரு வெளியாளிடம் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைப் பார்க்காமல் சொன்னார், நல்லது. பார்த்திருந்தால், நான் அழுகிறவள் இல்லை என்று அம்மா சொன்னது பொய்யாகியிருக்கும்.

செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்து நாள்," என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கொட்டகையின் பின்புறம் போனேன். அண்ணன் உடைந்த பீடக்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"நூல் விடணும். உச்சியில பிடிக்க ஆள் வேணும்," என்றேன்.

"அம்மாவைக் கூப்பிடு."

"அம்மா பிடிச்சா ஆடும். உன் கைதான் ஆடாது."

நிமிர்ந்து பார்த்தான். பதினாறு நாளில் முதல் முறை.

"என் குறியை அழிச்சியே, ஒரு வார்த்தை கேட்டியா என்கிட்ட?"

"கேட்கலை."

"ஏன்?"

"நீ போட்டதுன்னாலதான்."

சொல்லிவிட்டேன். நாக்கில் வைத்துக்கொண்டு நாள்பட விட முடியாத சொல் அது. அவன் தலையாட்டினான், எதிர்பார்த்ததுபோல.

"அன்னிக்கே பார்த்தேன். நீ போனதும் தட்டு வெச்சேன். கல் சாய்ஞ்சிருந்துது. என் குறி சரி. உன்னோடது தப்பு."

"பதினாலு நாளா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நான் கொத்தறதைப் பார்த்துட்டு இருந்தியா?"

"இருந்தேன். தினமும் காலையில சொல்லலாம்னு வருவேன். நீ ரசமட்டத்தைத் துடைச்சுட்டு இருப்பே. சொல்லத் தோணாது."

அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அதே சமயம் அவனுக்கு என் மேல் இருந்ததும் அதுதான் என்று தெரிந்தது. அவன் செதுக்கிய உடம்பின் மேல் ஒரு கோணல் முகம் வளர்வதைப் பதினான்கு நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். அது எனக்கு மட்டும் போட்ட தண்டனை இல்லை. சோறு இறங்காததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

"வந்து பிடி," என்றேன். "மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்."

"பிடிக்கறேன். பத்து நாள் இருக்கேன். அதுக்கப்புறம் இங்கே இருக்க மாட்டேன்."

"எங்கே போறே?"

"வேலைக்குக் கேட்டுட்டாங்க ஒரு இடத்துல. சரின்னு சொல்லிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது."

அவன் எனக்கு முன்னால் நடந்து சாரத்தில் ஏறினான். தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், நேராக இருந்தது. அவன் உச்சியில் நூலைப் பிடித்தான். குண்டு ஆடி ஆடி நின்றது. கீழே இருந்து பார்த்தால் அவன் கட்டைவிரலுக்கு அடியில் உச்சிக்குறி தெரியவில்லை.

"குறி மேலதான் பிடிச்சிருக்கியா?"

"நம்பிக்கை இல்லைன்னா ஏறிப் பாரு."

ஏறிப் பார்த்தேன். குறியின் மேல்தான் பிடித்திருந்தான், மயிரிழை தப்பாமல். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இருக்கட்டும். இனி இந்தக் கல்லில் நம்பிக்கைக்கு இடமில்லை, அது யார் மேல் வைத்த நம்பிக்கையானாலும்.

"இப்போ நான் பிடிக்கறேன். நீ கீழே போய்ப் பாரு," என்றேன்.

இறங்கினான். குனிந்து வெகுநேரம் பார்த்தான். காவியைத் தொட்டு அடியில் குறி வைத்தான். பிறகு கழுத்துக்குழியில் இருந்து இரண்டாவது நூலை நான் சொல்லச் சொல்ல இழுத்துப் பிடித்தான். களிமண் தலையைப் பார்த்து, கல்லைப் பார்த்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும், "இன்னும் ரெண்டு நெல் உள்ளே," என்றான். அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது.

அம்மா நான்கு உளி கொண்டுவந்து வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. அப்பா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

புதிய முகத்துக்கு முதலில் போக வேண்டியது பழைய மூக்கு. நல்ல மூக்கு. ஆறு நாள் கொத்தியது. அதன் தண்டில் உளியை வைத்தேன்.

"யோசிச்சுக்கோ," என்றான் அண்ணன். "போனா வராது."

சுத்தியலை ஓங்கினேன். ஒரே அடி. மூக்கு உடைந்து சாரப்பலகையில் பட்டுத் தெறித்து, அவன் காலடியில் போய் விழுந்தது.